முன் அறை இருக்கும் என்று சொன்னாய்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் கண்டதையும் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவில்லையே? நான் நன்றாக இருக்கிறேன். காது மட்டும் அப்படியேதான். பல்செட் தேய்க்கும் மோட்டாருக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் உட்கார்ந்தால் காது எப்படி மிஞ்சும்? நேற்று யாரோ போன் செய்தார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி சொன்னேனோ, போ! அதனால் நீ கடிதமே போடு.

நீ கிளம்பிய பிறகுதான் கையைப் பார்த்தேன், நம் வீட்டில் மாடி கட்டப் போகிற கட்டடக்காரரின் ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்ட பக்கங்களில் எல்லாம் என் கட்டைவிரல் சாந்து ஒட்டியிருக்கும். நீ வந்து நின்றபோது பல்செட்டுக்கு ஒரு மேல்தாடை அச்சைச் சாந்தில் வார்த்துக்கொண்டிருந்தேன். அது இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். "அக்கா, மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கற இடத்துல எல்லாம் போடு, ரயிலுக்கு நேரமாச்சு" என்று நீ பறந்தாய். போட்டுவிட்டேன். கட்டடக்காரர் சாந்தைப் பார்த்து முகம் சுளித்தால், அக்கா பல்செட் செய்கிறவள், கொலைகாரி இல்லை என்று சொல்.

அப்பா நமக்கு விட்டுப் போன வீட்டில் நான் வேலை செய்கிற முன் அறை அப்படியே இருக்கும் என்று சொன்னாய். அது போதும் எனக்கு. மேலே நாலு மாடி கட்டட்டும், நாற்பது மாடி கட்டட்டும். ஒன்று மட்டும் அவர்களிடம் சொல். அந்த வடக்கு ஜன்னலைத் தொடக்கூடாது. பல் டாக்டர்கள் குறித்து அனுப்புகிற பல்லின் நிறத்தை அந்த ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் நான் பொருத்துகிறேன். ட்யூப் லைட்டில் எல்லாப் பல்லும் ஒரே மஞ்சள்தான்.

வீட்டில் அவளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அக்கா

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உன் காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா? நீ பார்த்திருக்க மாட்டாய். அடுத்தவன் பல்லுக்கே உனக்கு நேரம் சரியாக இருக்கிறது.

வேலை கொஞ்சம் கூடியிருக்கிறது. புதிதாக இரண்டு ஆள் சேர்த்திருக்கிறேன். இருவருக்கும் அவசரம். லிஃப்ட் சோதனை அட்டையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். நேற்று பிடித்துச் சத்தம் போட்டேன். பிரேக்கைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் இன்றுவரை ஒரு அட்டையில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

ஜன்னல் விஷயத்தைக் கட்டடக்காரரிடம் சொல்கிறேன். உன்னிடம் விட்டு வந்த ஒப்பந்த நகலை ஒரு முறை படித்துப் பார்த்தாயா? அவசரம் இல்லை. நேரம் கிடைக்கும்போது பார். பார்க்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்றதில் சந்தோஷம். காது டாக்டரிடம் போனேன், நம்பு. அவர் என்னவோ சொன்னார். காதில் விழவில்லை.

அதென்ன, நகலைப் படித்தாயா என்று ஒரு கேள்வி? யாரடா நீ, வட்டிக்கடைக்காரனா? நம் வீட்டில் ஒருத்தர் நீட்டிய காகிதத்தை இன்னொருத்தர் எப்போது படித்திருக்கிறோம்? அப்பா இருந்தவரை அதுதானே சட்டம்! நம்மவர் நீட்டினால் பேனாவைத் திற, படித்தால் சந்தேகப்பட்டதாக அர்த்தம். உன் மார்க் அட்டைகளை எல்லாம் அவர் அப்படித்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்திருந்தால் நீ லிஃப்ட்டில் ஏறியிருக்க மாட்டாய், அவருக்குப் பயந்து மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்திருப்பாய்.

நகல் சாந்து மூட்டை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கட்டடக்காரரின் இன்ஜினியர் அடுத்த மாதம் அளவெடுக்க வருகிறாராம்.

இந்த வாரம் ஒரு பாட்டுக்காரர் பல்செட்டுக்கு வந்திருந்தார். பழையது பாடும்போது கழன்று வருகிறதாம். "மேடையில மானம் போகுதும்மா" என்றார். போட்டுப் பாடச் சொன்னேன். எனக்குப் பாதிதான் கேட்டது. பல் நகரவில்லை, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கிற கைதட்டல் அவ்வளவுதான், ஆனால் அது வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

இன்ஜினியர் வந்தார். சின்னப் பையன் மாதிரி முகம், மரியாதையாகப் பேசினார். முன் அறையை அளந்துவிட்டு, "மெஷினையெல்லாம் எங்க மாத்தப் போறீங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு வேறு என்னவோ காதில் விழுந்துவிட்டது என்று நினைத்து எழுதிக் காட்டச் சொன்னேன். அதையேதான் எழுதினார். "எதுக்கு மாத்தணும்? இந்த அறை இருக்கும்ல" என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் அலமாரியில் இருந்த நகலையே எடுக்கச் சொல்லி, பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார்.

தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தும் இடம். மாடியில் நமக்கு ஆளுக்கொரு வீடு. அந்த வீடுகளில் "வசிப்பதைத் தவிர எந்தத் தொழிலும், இயந்திரம் வைத்தோ வைக்காமலோ, நடத்தக்கூடாது." ஜூலை முதல் தேதிக்குள் நான் காலி செய்து கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே என் கையெழுத்து. சாந்து அடையாளம்கூட அந்த நகலிலும் ஒட்டியிருக்கிறது.

 தட்டச்சில் தப்பாக அடித்திருப்பார்கள். நீ பேசினால் சரியாகிவிடும். உடனே பேசு.

கிளம்பும்போது இன்ஜினியர், "உங்க தம்பிதானேம்மா இனிமே எங்க கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் போடப் போறாரு" என்றார். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். நீ எழுதவில்லையே. மறந்திருப்பாய்.

அக்கா

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

கட்டடக்காரரிடம் பேசினேன். பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்கள் பெரிய ஆட்கள், ஒரே நாளில் எதுவும் நடக்காது. நானும் அதை முழுவதும் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ரயிலில் புரட்டினேன். விளக்கு வேறு சரியாக எரியவில்லை.

நீ ஏன் பக்கத்தில் வேறு ஒரு அறையை வாடகைக்குப் பார்க்கக்கூடாது? வாடகையை நான் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட்டாகிவிட்டது அக்கா, இனி என்ன செய்ய முடியும்? புதிய வீட்டில் உனக்கு லிஃப்ட் இருக்கும், மூட்டு வலிக்கு நல்லது.

லிஃப்ட் வேலை பற்றி எழுதவேண்டும் என்றுதான் இருந்தேன்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

சுகம். அங்கேயும் சுகம்தான் என்று நம்புகிறேன். எனக்கு மூட்டு வலி கிடையாது. அது அம்மாவுக்கு இருந்தது.

நீ சொன்னபடி வாடகைக்கு அறை தேடினேன். மோட்டார் சத்தம் என்றதும் கதவைச் சாத்துகிறார்கள். சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிற ஒரே ஒரு இடம் டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஜன்னலே கிடையாது. ஒரு வாரம் வேலை செய்து பார்க்கலாம் என்று எடுத்தேன். முதல் பல்செட்டே டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. நோயாளியின் முன்பல் நாலும் பீங்கான் கோப்பை மாதிரி வெளுப்பாம். என் வேலை திரும்பி வந்து எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதனால் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். உனக்குத் தெரியுமே, நான் செய்த பல்லோடுதான் கோர்ட்டில் முழங்குகிறார். நீதிபதிகள் பயப்படுவதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. என் காதுக்காக எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து பேசினார்.

"படிக்காம போட்டேன்னு சொன்னா விட்டுடுவாங்களா?" என்று கேட்டேன்.

"விடவே மாட்டாங்க. கையெழுத்துப் போட்டா, படிச்சு ஒத்துக்கிட்டதா அர்த்தம். படிக்கலைங்கறது உங்க கவனக்குறைவு. அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? இல்லேன்னா கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் மறுநாள் வந்து, நான் படிக்கலைன்னு நிப்பாங்களே."

"எனக்குக் கையில சாந்து..."

"சாந்து, சமையல், ரயில், எதுவும் செல்லாதும்மா. ஒரே ஒரு வழிதான் இருக்கு. உள்ள இருக்கறதுக்கு மாறா யாராவது சொல்லி, அதை நம்பி நீங்க போட்டிருக்கணும். யாராவது சொன்னாங்களா?"

"முன் அறை இருக்கும்னு சொன்னாங்க."

"யாரு? கட்டடக்காரங்களா?"

 "என் தம்பி" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவர் உங்க பக்கத்து ஆளாச்சே. அவர் சொன்னதுக்குக் கட்டடக்காரங்க பொறுப்பாக மாட்டாங்க. அவர் அவங்களுக்காக வேலை செஞ்சு, பொய்னு தெரிஞ்சே சொல்லியிருந்தா மட்டும்தான் ரத்து கேக்கலாம். உங்க தம்பிக்கும் அவங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பொய்தான். வெளியே வந்து படியில் உட்கார்ந்து யோசித்தேன். லிஃப்ட் வேலையை நீ எனக்கு எழுதாமல் விட்டது மறதியா? நீ எதையும் மறக்கிறவன் இல்லை. பிரேக்கைக் கையால் தொடாமல் கையெழுத்துப் போடாதவன், ஒரு ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை "என்றுதான் நினைக்கிறேன்" என்று எழுதுகிறாய். மென்று முழுங்காதே. என்ன நடந்தது என்று நேராகச் சொல்.

அக்கா

மே 22

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாம். உடம்பு சரிதானா, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா, அதற்கு மட்டுமாவது பதில் போடு.

மெழுகு உருக்கும் அடுப்பையும் பழைய அச்சுகளையும் பெட்டியில் கட்டிவிட்டேன். புதிய வேலை எடுப்பதை நிறுத்திவிட்டேன். டாக்டர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். பாட்டுக்காரருக்குக் கீழ்வரிசை பாக்கி. அதை மட்டும் இந்த வெளிச்சத்திலேயே முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

அக்கா

ஜூன் 3

அக்காவுக்கு,

உடம்பு சரிதான். எல்லோரும் நலம்.

வக்கீலம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் கேட்கிற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டுக் கொடு. முன் அறை கிடைத்துவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் அவருக்கு எழுதியதை நீ படிக்க வேண்டாம்.

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

உன் உடம்பு சரிதான் என்று தெரிந்ததில் நிம்மதி.

நான் படிக்கக்கூடாது என்றுதான் போனேன். வக்கீலம்மா காகிதங்களை என் பக்கம் தள்ளினார். மேலே என் மனு, அடியில் உன் வாக்குமூலம். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடினேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க? படிக்காம போட்டதுக்குத்தானே இவ்வளவு பாடு! இதையும் படிக்காம போடுவீங்களா?"

"என் தம்பி படிக்க வேண்டாம்னு சொல்லியிருக்கான்."

"உங்க தம்பி என்னோட கட்சிக்காரர் இல்லை, நீங்கதான். படிங்க."

படித்தேன். உன் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், நாலே வரி. 'ஒப்பந்தம் முழுவதையும் நான் முன்பே படித்திருந்தேன். முன் அறை இருக்காது என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் வேலை தருவதாகவும், அக்காவிடம் அறை இருக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடும்படியும் கட்டடக்காரர் என்னிடம் சொன்னார். அவள் என் காகிதத்தைப் படிக்க மாட்டாள் என்று தெரிந்தே அப்படிச் சொன்னேன்.'

கடைசி வரியை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். மற்றதெல்லாம் எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அந்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். ஆத்திரம் வந்தது தம்பி, மறைக்க மாட்டேன். நேரில் இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், கன்னத்தில் இரண்டு அறையும் விட்டிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வக்கீலம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கோர்ட்டில் அத்தனை பேரை நடுங்க வைக்கிறவர், எனக்கு எதிரே என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

என் மனுவில் 'என் சகோதரர் என்னை ஏமாற்றினார்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. "இதை எடுத்துட முடியாதா?" என்று கேட்டேன். "எடுத்துட்டா மனுவே இல்லைம்மா" என்றார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். முழுவதும் படித்துவிட்டுப் போட்டேன். 

கொஞ்ச நாள் கடிதம் போடாதே. நானும் போடவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாதே என்று சொன்னதால் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியாது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

வக்கீலம்மா உனக்குச் சொல்லியிருப்பார். கட்டடக்காரர் வழக்கை நடத்த விரும்பவில்லை, ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். லிஃப்ட் வேலையும் போய்விட்டது. அது போகத்தான் வேண்டும். சேர்த்த இரண்டு பேருக்கும் வேறு இடத்தில் வேலை சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது? இருபது வருடம் அடுத்தவன் போட்ட லிஃப்ட்டுக்கு எண்ணெய் விட்டேன். என் பெயர் போட்ட லிஃப்ட் ஒன்றாவது ஓட வேண்டும் என்று ஆசை. உனக்கு வேறு அறை பார்த்துக் கொடுத்துவிடலாம், அக்கா சமாளித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நீ சாந்துக் கையோடு பேனாவை வாங்கி, ஒரு கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டே போனாய். ஒரே ஒரு பக்கத்தையாவது படி என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் வாந்தி எடுத்தேன். அதைத்தான் வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

இத்துடன் பாகப்பிரிவினைப் பத்திரம் அனுப்புகிறேன். தரைத்தளம் முழுவதும், ஜன்னலோடு சேர்த்து, உனக்கு. இனி நான் நினைத்தாலும் அதைத் தொட முடியாது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நீ ஒவ்வொரு வரியையும் படி. வக்கீலம்மாவிடம் காட்டு. அவர் சரி என்று சொன்ன பிறகு போடு. நான் நீட்டுகிறேன் என்பதற்காகப் போடாதே. தயவுசெய்து என்னை நம்பாதே.

தம்பி

செப்டம்பர் 11

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன். டாக்டர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்களும் வருவார்கள், அவர்கள் கண்ணுக்கு நிறம் தெரியும்.

கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். காலையில் மோட்டாரைப் போடும்போது சில நாள் கிளம்பி வருகிறது. திட்டிக்கொண்டே தேய்ப்பேன். பல் மழமழவென்று வரும்போது அடங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நினைக்கிறேன். நீ ஆசைப்பட்டதில் தப்பில்லை. என்னிடம் கேட்டிருந்தால் வேறு வழி பார்த்திருப்போம். கேட்காததுதான் வலி.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனேன், சாட்சிக் கையெழுத்து வேண்டுமே. கவரைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம்மா. நான் படிச்சுச் சொல்றேன், குடுங்க."

"வேண்டாம்."

"பட்டும் புத்தி வரலையா உங்களுக்கு? முழு வீட்டையும் அவர் பேருக்கு எழுதியிருந்தா என்ன பண்ணுவீங்க? அப்புறம் படிக்கலைன்னு என்கிட்ட வந்து நின்னா, நான் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டம் முன்ன சொன்னதையேதான் இப்பவும் சொல்லும்."

"சொல்லட்டும். தெரிஞ்சுதானே போடறேன்."

தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் பிரதி இத்துடன் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பாய், நான் திட்டுவேன், பிறகு சாப்பிடுவோம். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

அக்கா